குறி விழுந்த புரதம்

எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. எவ்வளவு கூட்டிக் கொடுத்தும் அது சாகவில்லை. 1950களின் நடுவில், மேற்கு ஜெர்மனியின் ஸ்டோல்பெர்க் நகரில் இருந்த கிரூனென்டால் நிறுவனம் தன் புதிய தூக்க மருந்தைச் சோதித்தபோது கண்டது இதுதான். அந்தக் காலத்துத் தூக்க மாத்திரைகள் அளவு மிஞ்சினால் ஆளைக் கொன்றுவிடும். இதுவோ எலியைக்கூட ஒன்றும் செய்யவில்லை. 1957 அக்டோபரில் 'கான்டர்கன்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. மருத்துவரின் சீட்டு இல்லாமலே வாங்கலாம். தூக்கம் வராத கர்ப்பிணிகளும், மசக்கை வாந்தியில் தவித்தவர்களும் நம்பி விழுங்கினார்கள். அதன் வேதிப்பெயர் தாலிடோமைடு.

நான்கே ஆண்டுகளில், 1961 நவம்பர் கடைசியில், அது ஜெர்மானியக் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை, கால், காது, இதயம் எனப் பல உறுப்புகளில் குறையோடு பிறந்திருந்தார்கள். சிலருக்குத் தோளிலிருந்தே விரல்கள் முளைத்திருந்தன. பல குழந்தைகள் முதல் பிறந்தநாளைக்கூடப் பார்க்கவில்லை. கரு உருவான மூன்றாவது வாரத்துக்கும் ஐந்தாவது வாரத்துக்கும் இடைப்பட்ட நாட்களில் ஒரு மாத்திரை உள்ளே போனாலே போதுமானதாக இருந்தது. அந்த நாட்களில் பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே உறுதியாகத் தெரிந்திருக்காது.

ஹாம்பர்க்கில் குழந்தை மருத்துவர் வீடுகிண்ட் லென்ஸும், சிட்னியில் மகப்பேறு மருத்துவர் வில்லியம் மெக்பிரைடும் தனித்தனியே காரணத்தைக் கண்டு எச்சரித்தார்கள். அமெரிக்காவில் உணவு, மருந்து நிர்வாகத்தில் அப்போதுதான் பணியில் சேர்ந்திருந்த பிரான்சிஸ் கெல்சி, "ஆதாரம் போதாது, இன்னும் கொண்டுவாருங்கள்" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக் கோப்பை நகரவிடாமல் வைத்திருந்ததால் அந்த நாட்டில் மருந்து விற்பனைக்கே வரவில்லை. அவருக்கு 1962இல் ஜனாதிபதி கென்னடி பதக்கம் அணிவித்தார். மருந்துச் சட்டங்கள் கடுமையாயின. குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. அந்தச் சின்ன மூலக்கூறு கருவுக்குள் போய் என்னதான் செய்தது, எலியின் கருவை மட்டும் ஏன் விட்டுவைத்தது என்ற கேள்விக்குப் பதில் வர இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அந்தப் பதில், ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஓயாமல் நடக்கும் ஒரு வேலையில் ஒளிந்திருந்தது. குறி போடும் வேலை.

சாலையை அகலப்படுத்தும்போது நெடுஞ்சாலைத் துறையினர் வந்து, இடிக்க வேண்டிய கட்டடங்களின் சுவரில் சிவப்பு வண்ணத்தில் குறி போட்டுவிட்டுப் போவார்கள். இடிக்கும் இயந்திரம் பிறகுதான் வரும். அது வீட்டுக்காரர் யார் என்று விசாரிக்காது. குறி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். நம் செல்களிலும் ஏறக்குறைய இப்படித்தான். வேலை முடிந்த புரதம், கோணலாக மடிந்த புரதம், இருக்க வேண்டிய நேரத்தைத் தாண்டி இருக்கும் புரதம் ஆகியவற்றின் மேல் யுபிக்விட்டின் என்ற குட்டிப் புரதம் ஒட்டப்படுகிறது. 76 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு மணி அது. ஒன்றன் வாலில் இன்னொன்றாக நான்கைந்து மணிகள் சங்கிலியாகத் தொங்கினால், புரோட்டியசோம் என்ற பீப்பாய் வடிவ எந்திரம் அந்தப் புரதத்தை உள்ளே இழுத்துத் துண்டு துண்டாக்கிவிடும். குறியாக நின்ற மணிகள் மட்டும் கழற்றப்பட்டு அடுத்த வேலைக்குப் போகும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் எந்த நோயையும் தேடிப் போனவர்கள் அல்லர். அவர்களை இழுத்தது ஒரு கணக்கு. புரதத்தைக் கட்டுவதற்கு ஆற்றல் செலவாகும், சரி. உடைப்பதற்கு எதற்கு ஆற்றல்? நம் குடலில் தினமும் புரதம் உடைகிறது, அந்த உடைப்புக்குச் செல் ஆற்றல் எதையும் செலவிடுவதில்லை. செல்லுக்குள் நடக்கும் உடைப்புக்கு மட்டும் செல் தன் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைச் செலவழிக்கிறது என்பது 1950களிலேயே தெரியும். ஏன் என்றுதான் தெரியவில்லை. இஸ்ரேலின் ஹைஃபா நகரில், டெக்னியானில், அவ்ரம் ஹெர்ஷ்கோவும் அவரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆரோன் சிகனோவரும் முயலின் இளம் ரத்தச் சிவப்பணுக்களை எடுத்து உடைத்து, அந்தச் சாற்றைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். பிரித்த ஒரு பகுதியில் ஹீமோகுளோபின் நிறைந்து வழியை மறித்தது. அதைச் சூடாக்கினார்கள். ஹீமோகுளோபின் திரைந்து அடியில் தங்கியது. தெளிந்து நின்ற நீரில், வெப்பத்துக்கு அசையாத ஒரு சிறு புரதம் தன் வேலைத்திறனை இழக்காமல் இருந்தது.

1980இல், பிலடெல்பியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் இர்வின் ரோஸுடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைகளில் விடை கிடைத்தது. அந்தச் சிறு புரதம் அழியப்போகும் புரதத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. ஆற்றல் செலவாவதில் முக்கியமான பங்கு அந்த ஒட்டலுக்குத்தான். அதாவது, செல் காசு செலவழிப்பது தேர்ந்தெடுப்பதற்கு. கண்மூடித்தனமாக உடைத்தால் செலவே இல்லை. ஆனால் எதை உடைப்பது, எதை விடுவது என்ற தீர்ப்புக்கு விலை உண்டு. 2004இல் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் குறிக்கும் மரபணுவுக்கும் உறவு தற்செயலானதல்ல. யுபிக்விட்டின் முதன்முதலில் எந்தப் புரதத்தின் மேல் ஒட்டியிருப்பதாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று பார்த்தாலே அது விளங்கும். ஹைஃபா சோதனைகள் வடிவெடுக்கும் முன்பே, 1970களின் நடுவில், ஹூஸ்டனில் கோல்ட்நாஃபும் புஷ்ஷும் ஒரு விநோதப் புரதத்தைப் பார்த்திருந்தார்கள். அதற்கு ஒரு வால், இரண்டு தலை. பிரித்துப் படித்தபோது அது ஹிஸ்டோன் புரதத்தின் மேல் ஒட்டிய யுபிக்விட்டின் என்று தெரிந்தது. ஒரு செல்லின் டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் இரண்டு மீட்டர் வரும். அந்த நூல், கண்ணுக்குத் தெரியாத உட்கருவுக்குள் சிக்காமல் அடங்குவதற்குச் சுற்றிக்கொள்ளும் கண்டுதான் ஹிஸ்டோன். நூல் இறுகச் சுற்றியிருக்கும் இடத்தில் மரபணு பேசாது. தளர்ந்த இடத்தில் பேசும்.

கண்டின் ஒரு பகுதியில், எச்2ஏ என்ற ஹிஸ்டோனில், ஒற்றை யுபிக்விட்டின் ஒட்டினால் அங்குள்ள மரபணுக்கள் அடங்கிக் கிடக்கின்றன. பக்கத்திலேயே எச்2பி என்ற ஹிஸ்டோனில் ஒட்டினால் மரபணு படிக்கப்படுவதற்கு அது துணை செய்கிறது. இங்கே குறி அழிவுக்கானது அல்ல. ஒற்றை மணிக்கு ஒரு பொருள், சங்கிலிக்கு வேறு பொருள். கல்லீரல் செல்லிலும் மூளைச் செல்லிலும் ஒரே டி.என்.ஏ. இருந்தும் கல்லீரல் கல்லீரலாகவே இருப்பதற்கு இந்த மாதிரிக் குறிகள் ஒரு காரணம்.

இன்னொரு வழியும் உண்டு. அதுதான் நம் கதைக்கு வேண்டியது. மரபணுவை முடுக்கிவிடுபவையும் புரதங்களே. அந்தப் புரதத்தின் மேல் குறி விழுந்து அது அழிந்தால், அதை நம்பியிருந்த மரபணுக்கள் எல்லாம் சேர்ந்து அடங்கிவிடும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. லடாக்கின் லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து அங்கே பணிக்குப் போகும் ராணுவ வீரரின் ரத்தத்தில் சில வாரங்களில் சிவப்பணுக்கள் கூடிவிடும். இதை நடத்துவது ஹிஃப் என்ற புரதம். கீழே, காற்றில் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போது செல் இந்தப் புரதத்தைச் செய்துகொண்டே இருக்கும். செய்த சில நிமிடங்களிலேயே குறி போட்டு அழித்துக்கொண்டும் இருக்கும். வீண்வேலை போலத் தெரியும். ஆனால் மேலே போய் ஆக்சிஜன் குறைந்ததும் குறி விழுவது நின்றுவிடுகிறது. ஹிஃப் அந்த நொடியே கையில் தயார். புதிதாகச் செய்யக் காத்திருக்க வேண்டியதில்லை. அது உட்கருவுக்குள் போய், சிவப்பணு உற்பத்தியைக் கூட்டும் எரித்ரோபாய்ட்டின் உள்ளிட்ட மரபணுக்களை முடுக்குகிறது. இதைக் கண்டறிந்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் கிடைத்தது. சிறுநீரகம் பழுதடைந்து ரத்தசோகையால் வாடுபவர்களுக்கு, ஹிஃப் மேல் குறி விழாமல் தடுக்கும் மாத்திரைகள் இப்போது வந்துவிட்டன. இந்தியாவில் சைடஸ் நிறுவனம் உருவாக்கிய டெசிடுஸ்டாட்டுக்கு 2022இல் அனுமதி கிடைத்தது. ரத்தசோகைக்கான ஊசிக்குப் பதில் மாத்திரை என்பது வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் ஊசியைத் தாங்கும் கைகளுக்குச் சிறிய ஆறுதல் அல்ல.

குறி போடுபவரின் கையைப் பிடித்து வேறு சுவரின் பக்கம் திருப்பிவிட்டால்? அதைச் செய்யும் வித்தை ஒரு வைரஸுக்குத் தெரிந்திருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ், இ6 என்ற புரதத்தைச் செல்லுக்குள் அவிழ்த்துவிடுகிறது. நம் உடலின் பெருங்காவலர் பி53 என்ற புரதம், டி.என்.ஏ. பழுதானால் செல் பெருகாமல் நிறுத்தும் மரபணுக்களை முடுக்குவது அதுதான். இ6, நம் செல்லின் சொந்தக் குறிபோடும் நொதி ஒன்றைக் கூட்டிக்கொண்டு போய் பி53இன் மேல் குறி போடவைக்கிறது. காவலர் நம் எந்திரத்தாலேயே அரைபட்டுப் போகிறார். பழுதான செல் தடையின்றிப் பெருகுகிறது. இந்தியப் பெண்களிடையே மார்பகப் புற்றுக்கு அடுத்து அதிகம் காணப்படும் புற்றுநோய் இது. தடுப்பூசியால் பெரும்பாலும் தடுக்கக்கூடியது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இ6 கூட்டிக்கொண்டு போகும் இதே நொதி மூளை நரம்புகளில் பிறவியிலேயே இல்லாமல் போனால் ஏஞ்சல்மேன் நோய் வருகிறது. குழந்தைக்குப் பேச்சு வராது, வலிப்பு வரும். வைரஸின் கையில் சிக்கினால் புற்று, இல்லாமலே போனால் மூளை வளர்ச்சிக் குறை. மனித உடலில் இப்படி எதன் மேல் குறி விழவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் நொதிகள் அறுநூறுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் செரிப்ளான்.

தாலிடோமைடின் கதை 1961இல் முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1964இல் ஜெருசலேமில் தொழுநோய் மருத்துவர் ஜேக்கப் ஷெஸ்கின், வேதனையில் பல நாட்களாகத் தூங்காத ஒரு நோயாளிக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் இந்த மாத்திரையைக் கொடுத்தார். தூக்கத்துக்காகத்தான். நோயாளி தூங்கினார், அதோடு, உடலெங்கும் வெடித்திருந்த வலி மிகுந்த முடிச்சுகளும் சில நாட்களில் வற்றின. தொழுநோயில் நோயெதிர்ப்பு கொந்தளிக்கும்போது வரும் முடிச்சுகள் அவை. உலக சுகாதார நிறுவனமும் ஆண் நோயாளிகளிடம் மட்டும் சோதித்து இந்தப் பலனை உறுதிசெய்தது. 1998இல் அமெரிக்காவே இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி தந்தது. ஆனால் பிரேசிலில், தொழுநோய்க்குக் கொடுத்த மாத்திரை கர்ப்பிணிகளின் கைக்கும் போய், கைகால் குறையுள்ள குழந்தைகள் அங்கே பிறகும் பிறந்தார்கள். மருந்து மாறவில்லை. அதன் வேலை என்னவென்று அப்போதும் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஆச்சரியம் அமெரிக்காவின் ஆர்கன்சாவில். மல்டிபிள் மைலோமா என்பது எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் கட்டுமீறிப் பெருகும் புற்றுநோய். எலும்பு அரித்து, லேசாகத் திரும்பினாலே முறியும், சிறுநீரகம் கெடும். வேறு மருந்துகள் கைவிட்ட 84 பேருக்குத் தாலிடோமைடு கொடுத்துப் பார்த்த முடிவு 1999இல் வெளியானது. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நோய் பின்வாங்கியிருந்தது. அதன் தம்பி மருந்துகளான லெனாலிடோமைடும் பொமாலிடோமைடும் தொடர்ந்து வந்தன. லெனாலிடோமைடு மட்டும் 2020இல் 1,200 கோடி டாலருக்கு மேல் விற்றது. அதை எழுதிக்கொடுத்த மருத்துவர்கள் தொடக்கத்தில் பல ஆண்டுகள், அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலேயே எழுதிக்கொடுத்து வந்திருந்தார்கள்.

முடிச்சு ஜப்பானில் அவிழத் தொடங்கியது. ஹிரோஷி ஹண்டாவின் ஆய்வகத்தில் டகுமி இட்டோ, நுண்ணிய காந்த மணிகளில் தாலிடோமைடைத் தூண்டில் இரை போல் கோத்துச் செல் சாற்றுக்குள் போட்டார். காந்தத்தால் இழுத்தபோது ஒட்டிக்கொண்டு வந்தது செரிப்ளான். 2010இல் இந்தச் செய்தி வெளியானபோது வழக்கு திரும்பவும் திறந்தது. மாத்திரை போய் உட்காருவது குறி போடுபவரின் கையில்!

அந்தக் கை பிறகு எந்தச் சுவருக்குப் போகிறது? 2014இல் பாஸ்டனில், பெஞ்சமின் எபர்ட்டின் குழுவும், ஹிஃப் புகழ் வில்லியம் கேலினின் குழுவும் ஒரே நேரத்தில் விடை சொன்னார்கள். லெனாலிடோமைடு செரிப்ளானின் ஒரு பள்ளத்தில் பொருந்தி அதன் முகத்தை மாற்றிவிடுகிறது. சாதாரணமாக அது சீண்டாத இகாரோஸ், ஐயோலோஸ் என்ற இரண்டு புரதங்கள் இப்போது அதில் ஒட்டிக்கொள்கின்றன. குறி விழுகிறது, புரோட்டியசோம் தின்றுவிடுகிறது. இரண்டும் மரபணுக்களை முடுக்கும் புரதங்கள். மைலோமா செல் பிழைத்திருப்பதே அவை முடுக்கும் மரபணுக்களால்தான். அவை போனதும் புற்று செல் சாகிறது. பூட்டுக்கு ஏற்ற சாவி போல மருந்து ஒரு புரதத்தை அடைப்பதுதான் அதுவரை மருந்தியல் பெரிதும் நம்பிய வழி. இரண்டு புரதங்களுக்கு இடையே பசை போல நின்று, ஒன்றைக் கொண்டு இன்னொன்றைத் தீர்த்துக்கட்டும் மருந்தை மனிதர்கள் அறியாமலே ஏறத்தாழ அறுபது வருடமாக விழுங்கியிருக்கிறார்கள்.

அப்படியென்றால் குழந்தைகளின் கைகள்? 2018இல் பாஸ்டனில் எரிக் பிஷரின் குழு கண்டது சால்-4 என்ற புரதத்தை. கருவில் கைகால் அரும்பும் நாட்களில் மரபணுக்களை நடத்துவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. பிறவியிலேயே சால்-4 மரபணுவில் கோளாறு உள்ள குடும்பங்கள் உலகில் இருக்கின்றன. அவர்களின் கைகள் தாலிடோமைடு குழந்தைகளின் கைகளைப் போலவே இருக்கும். தாலிடோமைடு செரிப்ளானைக் கொண்டு இந்தச் சால்-4இன் மேலும் குறி போடவைக்கிறது. அவசியமான சில நாட்களில் அந்தப் புரதம் கருவில் இல்லாமல் போகிறது. இன்னும் சில புரதங்களும் இதேபோல் அழிவதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காது, இதயக் குறைகளின் கணக்கை அவையும் சேர்ந்துதான் தீர்க்கும்.

எலி தப்பியதும் விளங்கியது. மனிதச் செரிப்ளானில், மருந்து உட்காரும் இடத்தை ஒட்டி வேலின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. எலியில் அதே இடத்தில் ஐசோலூசின். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு கார்பன் அணு, இரண்டு ஹைட்ரஜன் அணு. அந்த இத்தனூண்டு துருத்தல் போதும், இரை வந்து ஒட்டாமல் இடிப்பதற்கு. போதாததற்கு எலியின் சால்-4உம் மனிதருடையதிலிருந்து சற்று வேறு. இரட்டைப் பூட்டு. ஸ்டோல்பெர்க்கில் எலிகளை வைத்து எத்தனை ஆண்டுகள் சோதித்திருந்தாலும் இந்த ஆபத்து அவற்றில் முழுதாகத் தெரிந்திருக்காது. ஆனால் முயலிலும் குரங்கிலும் தெரிந்திருக்கும். கருவுற்ற விலங்குகளில் முறையாகச் சோதித்துப் பார்க்காததற்கு எந்த அமினோ அமிலத்தையும் காரணம் காட்ட முடியாது.

கிரூனென்டால் நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2012இல். ஆஸ்திரேலிய அரசு கேட்டது 2023இல். அன்றைய குழந்தைகளுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. கை இல்லாததால் வாயாலும் காலாலும் தோளாலும் செய்த அறுபது வருட வேலையில் அவர்களின் முதுகெலும்பும் மூட்டுகளும் தேய்ந்து வலிக்கின்றன.

புரோட்டியசோமையே கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து மைலோமா செல்லைத் திணறடிக்கும் போர்ட்டெசோமிப் 2003இலிருந்தே இருக்கிறது. லெனாலிடோமைடை இந்திய நிறுவனங்களும் தயாரிக்கின்றன. மைலோமா நோயாளிகள் பலருக்கு அது அன்றாட காப்ஸ்யூல். கருத்தரிக்கக்கூடிய பெண்ணானால் கர்ப்பம் இல்லை என்று சோதித்து உறுதிசெய்த பிறகே கொடுக்க வேண்டும் என்ற விதியும் அதோடு வருகிறது.

ஆய்வகங்களோ இன்னும் துணிந்துவிட்டன. ஒரு முனையில் குறிபோடும் நொதியைப் பிடிக்கும் துண்டு, மறுமுனையில் நாம் விரும்பிய கெட்ட புரதத்தைப் பிடிக்கும் துண்டு, நடுவே ஒரு கயிறு: இப்படி ஒரு மூலக்கூறைச் செய்து காட்டலாம் என்று 2001இல் யேல் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் குரூஸும், கால்டெக்கின் ரேமண்ட் டெஷேயும் நிறுவினார்கள். புரோடாக் என்பது அதன் பெயர். 2019இல் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. புராஸ்டேட், மார்பகப் புற்றுநோய்களில் ஹார்மோனின் சொல் கேட்டு மரபணுக்களை முடுக்கும் ஏற்பிப் புரதங்கள்தான் முதல் இலக்குகள். அந்த மூலக்கூறுகளில் பலவற்றின் ஒரு முனையில், செரிப்ளானைப் பிடிக்கும் கைப்பிடியாக, தாலிடோமைடின் சாயலுள்ள துண்டு பொருத்தப்பட்டிருக்கிறது. அப்படி ஒரு புதிய கைப்பிடியைச் செதுக்கும் வேதியியலாளர், அது தன் இலக்கை அழிக்கிறதா என்று பார்ப்பதோடு இன்னொரு சோதனையும் செய்கிறார். மனிதச் செல்களில் மருந்தைப் போட்டுவிட்டு, சால்-4 அப்படியே இருக்கிறதா என்று பார்க்கிறார்.